ஐந்து பேருக்குத்தான் காற்று

போன சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் இருந்தவர்கள்: மாரியம்மா அக்கா. பேச்சிமுத்து அண்ணாச்சி. ஸ்டெல்லா. இசக்கி. இசக்கியின் மச்சான் துரை. பிறகு நான்.

தாராவியில் எங்கள் ரத்தி கோடவுன் அவ்வளவுதான். ரத்தி என்றால் பழைய பேப்பர். மூட்டையாக வரும். ரகம் பிரிப்போம், பிரஸ்ஸில் அமுக்கிக் கட்டுவோம், அனுப்புவோம்.

அன்று காலையில் முதலாளி சேட் சொல்லியிருந்தார் – சரக்கு குறைந்துவிட்டது, திங்கள் முதல் தினம் ஐந்து ஆள் போதும். யார் போவது என்று சாயங்காலத்துக்குள் நீங்களே சொல்லுங்கள்.

இப்படிச் சொன்னால் சோறு இறங்குமா?

ஸ்டெல்லாதான் மூட்டையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினாள். பக்கத்து லேபர் கேம்ப் ஸ்கூலில் ஒன்பதாவது வரை இங்கிலீஷில் படித்தவள். மாட்டுங்காவில் யாரோ வீட்டைக் காலி செய்த மூட்டை அது. பழைய இங்கிலீஷ் கதைப் பத்திரிகை. தாள் ரொம்ப மட்டம், தொட்டால் பொடிந்தது. ஆனால் உள்ளே ராக்கெட் படம்! மனிதன் நிலாவுக்குப் போவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அச்சடித்தது என்றாள்.

"ஏட்டி, படி. கேப்போம்," என்றார் மாரியம்மா அக்கா.

வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். நிலாவுக்குப் போன கப்பல் திரும்புகிறது. வழியில் ஓட்டை. அடைத்துவிட்டார்கள், அதற்குள் பாதிக் காற்று போய்விட்டது. கப்பலில் ஆறு பேர். வீடு வந்து சேர ஐந்து பேருக்குத்தான் காற்று...

ஸ்டெல்லா நிறுத்தினாள். எங்களைப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா. வேற கத படிக்கேன்."

"இதயே படி," என்றார் அண்ணாச்சி.

கேப்டன் சீட்டுக் குலுக்குகிறார். அதற்குள் சமையல்காரக் கிழவன் தானாகவே வெளிக் கதவைப் பார்த்து நடக்கிறான். கேப்டன் அவன் தோளைப் பிடிக்கிறார் – அதோடு தாள் இல்லை.

கிழித்தது நான்தான். அட்டை ஒரு ரகம், உள்தாள் ஒரு ரகம். காலையில் கைப்பழக்கத்தில் அட்டையை இழுத்தேன்; கடைசித் தாள்களும் கூடவே வந்துவிட்டன. பிரஸ்ஸில் கட்டாகி லாரியும் ஏறிவிட்டது.

"நல்ல காரியம் பண்ணினீரு, போம்!" என்றான் இசக்கி.

"கெழவன் போயிருப்பான்," என்றார் அண்ணாச்சி. "அதான் சரி. எனக்கும் அறுபத்தி மூணு ஆச்சு. சேட்டுகிட்ட என் பேரச் சொல்லிருங்க."

"சும்மா இரும் அண்ணாச்சி!" மாரியம்மா அக்கா பிடித்துக்கொண்டார். "நீரு போனா பிரஸ்ஸ யாரு ஓட்டுவா? இந்தத் தொரையா? வெரல வச்சு அமுக்கிருவான். ஆறு பேரும் மூச்சக் கொறச்சு விட வேண்டியதான? அதுக்குப் போயி ஒருத்தன வெளிய தள்ளுவானா?"

"அப்படில்லாம் முடியாதுக்கா," என்றாள் ஸ்டெல்லா. "அது நிலா."

"இது தாராவிதானட்டி!"

சிரித்தோம். பிறகுதான் உறைத்தது. சேட்டுக்குத் தினம் ஐந்து ஆள் வேண்டும். தினமும் அதே ஐந்து ஆள் என்று அவர் சொல்லவில்லையே? ஆளுக்கு வாரம் ஒரு நாள் வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்டேன்.

கூலி குறையும். அது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். இசக்கி மட்டும் விரல் விட்டு எண்ணினான். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறான். அவனும் துரையும் ஒரே வீடு, ஒரே அடுப்பு – அந்த வீட்டில் இரண்டு நாள் கூலி போகும். எழுந்து போய் டப்பாவை ரொம்ப நேரம் கழுவினான்.

திரும்பி வந்து, "எனக்கு பொதன்கிழமை போடும்," என்றான்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையாம்.

சாயங்காலம் சேட்டிடம் நான்தான் சொன்னேன். தினம் ஐந்து ஆள் வந்தால் எனக்குச் சரி, அவ்வளவுதான் – என்று அவர் போனை எடுத்துக்கொண்டார்.

கதை எழுதியவர் என்ன முடிவு வைத்தாரோ, தெரியாது. படித்தவர்; யோசித்துத்தான் வைத்திருப்பார். ஆனால் அவர் கப்பலில் மாரியம்மா அக்கா இல்லை.

ஞாயிறு எப்போதும்போல் எல்லோருக்கும் லீவு. மற்றபடி, ஆளுக்கு வாரம் ஐந்து நாள்.