வெற்றிடத்தில் ஒரு பொட்டு

விண்வெளிக்குப் போகாமலே அதன் கொடுமைகளைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். செயற்கைக்கோளின் சூரியத் தகடு மேலே கதிர்வீச்சிடம் பல வருஷம் வாங்கவேண்டிய அடியை, அயனி முடுக்கி என்ற இயந்திரத்தின் கற்றையால் கீழேயே அரை மணியில் கொடுத்துவிடுவோம். சொன்ன பேச்சைக் கேட்காத இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தும் அன்பர்களுக்கு என் கஷ்டம் புரியும். தொண்ணூறுகளின் கடைசியில், புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது.

முதல் சோதனை

பெங்களூரிலிருந்து வசந்தி என்ற பொறியாளர் வந்தார். அவர் குழு செய்த தகடு தபால்தலை அளவுதான். எங்கள் கற்றையைத் தாங்கினால் அதற்குச் செயற்கைக்கோளில் இடம். மறுநாள் மாலைக்குள் சோதனை முடியாவிட்டால் இடம் போட்டிக் குழுவுக்கு. செங்கல்பட்டில் ரயிலிறங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழிநெடுக ஆட்டோக்காரரிடம் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். காரணத்தையும் விளக்கியிருக்கிறார். இறக்கிவிட்டு ஆட்டோக்காரர் என்னிடம் சொன்னது:

"நம்ம ரோட்டுலயே ஒடையாம வந்துகீது சார். இதுக்கு மேல இன்னா டெஸ்ட்டு?"

இறங்காத முள்

கற்றை பாயும் எஃகு அறையில் காற்று இருக்கக்கூடாது. தகட்டை வைப்பதற்கு முன் வெறும் அறையில் காற்றை உறிஞ்சிப் பார்ப்பது வழக்கம். பம்பு ஓடியது, அழுத்தமானியின் முள் பாதியில் நின்றுவிட்டது. ரப்பர் வளையங்களை மாற்றினோம். கடல்காற்றைத் திட்டினோம். மறுநாள் காலையும் அதே கதி. அறையைத் திறந்து டார்ச் அடித்தால், உள்சுவரில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அது ஆவி விட்டுக்கொண்டே இருந்தால் எந்தப் பம்பு ஜெயிக்கும்?

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. பழைய இலக்கண நூல்கள், மன்னன் போருக்குக் கிளம்புமுன் வாளுக்கும் குடைக்கும் நாள் பார்க்கச் சொல்கின்றன. அயனி முடுக்கியைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தக் குறையை எங்கள் பம்பு மெக்கானிக் தனசேகர் தீர்த்துவைத்திருந்தார். இது ஆய்வுக்கூடமா, கோயிலா என்று வசந்தி அவரை ஒரு பிடி பிடித்தார். தனசேகர் அசரவில்லை.

"வெளிய வெச்சி இன்னா பிரயோஜனம் மேடம்? வேலை செய்றது உள்ளதானே."

பெட்டிக்குள்

எரிசாராயத்தில் நனைத்த துணியால் சுவரைத் துடைத்தோம். தகட்டைப் பொருத்த வசந்தி பெட்டியைத் திறந்தார். தகட்டின் முகத்தில், நட்டநடுவில், செக்கச்செவேலென்று குங்குமம். வழியனுப்பும்போது அவருடைய குழுத் தலைவர் பூஜை போட்டிருக்கிறார். தனசேகர் எட்டிப் பார்த்தார்.

"உங்க ஊட்டுப் பொட்டு ஆவி வுடாதா மேடம்?"

மூட்டை கட்டும்போது

அதையும் துடைத்தோம். முள் சாதுவாக இறங்கியது. மதியத்துக்குமேல் கற்றை பாய்ந்தது; அரை மணி அடி வாங்கிய பிறகும் தகடு கொஞ்சம்தான் சக்தி இழந்திருந்தது. இடம் உறுதி. வசந்தி தலைவருக்குப் போன் செய்து எல்லாம் சொன்னார், குங்குமத்தைத் தவிர. பெட்டியை மூடியவர் தனசேகரைக் கூப்பிட்டார்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பொட்டு வெச்சிடுங்க. வெளியில மட்டும்."

கோள்களுக்கு நடுவே உள்ள வெறுமையை எஃகு அறைக்குள் உண்டாக்கத் தெரிந்த எங்களுக்கு, பொட்டில்லாத ஓர் இயந்திரத்தை உண்டாக்க மட்டும் கடைசிவரை தெரியவில்லை.