பஸ்ஸில் பங்கு வைத்த பென்ஷன்

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தை விட்டு உக்கடம் பஸ் நிலையம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை எங்களை ஒரு நாள் வேலையிலிருந்து நீக்கி, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தோம் என்று யாரும் பென்ஷன் கேட்டுவிடக் கூடாதல்லவா! அன்று என்னை நீக்கியது ஆறாவது முறை. மறுநாள் போய்ச் சேர்க்கைக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா என்று தெரியாமலே பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்தில் ஒரு சிறைக் காவலர். கதையைச் சொன்னேன்.

"ஏனுங்க, சேர்ல உக்காந்து போன் பேசறதுக்குப் பென்ஷனுங்களா?"

"சாகக் கெடக்கறவங்க போன்ல அழுவாங்கங்க. உங்களுக்கென்ன, கைதிங்கள எண்ணிப் பூட்டறதுதானுங்களே?"

"ஒரு நாளைக்கு வந்து எண்ணிப் பாருங்க!" என்று புருவத்துத் தையலைக் காட்டினார். "எனக்கே பழைய பென்ஷன் இல்லீங்க. சம்பளத்துல புடிக்கறதோட சரி."

"அப்ப உங்களுக்குத்தானுங்க மொதல்ல தரணும்."

"அட, இல்லீங்க, உங்களுக்குத்தானுங்க."

விருந்துக்கு வந்த இடத்தில் பலகாரத் தட்டைத் தள்ளுவதுபோல, இருவருக்குமே இல்லாத பென்ஷனை ஒத்தக்கால்மண்டபம் வரை ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டே வந்தோம். முன் சீட்டு அம்மா திரும்பி, "ரெண்டு பேருக்கும் வேண்டாமுன்னா எனக்குக் குடுத்துப்போடுங்க சாமி" என்றார். பஸ்ஸே சிரித்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இவ்வளவு சிரித்த பிறகு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது என்று தெரிந்துவிட்டது. வழியிலேயே கிணத்துக்கடவில் இறங்கிக்கொண்டேன். மறுநாள் காலை அங்கே ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.