கட்டைவிரல் பட்ட சங்கரா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர் திருவொற்றியூரில் ஒரு வீட்டு முன்னறையில் கூடுவோம். எல்லாருக்கும் பாலிமர் க்ளே பைத்தியம். சப்பாத்தி மாவு மாதிரி பிசையலாம், ஓவனில் சுட்டால் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிடும், அவ்வளவுதான் அந்தக் க்ளே. கம்மல் செய்கிற ஒரு காலேஜ் பெண் இருக்கிறாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆன அண்ணன் ஒருவர், அத்தனை பெரிய கையை வைத்துக்கொண்டு சுண்டுவிரல் நகத்தளவு இறால் செய்வார். வீட்டுக்கார அம்மாவை ஓவன் அக்கா என்போம். கேக் செய்து விற்க வாங்கிய ஓவனை எங்களுக்கு விட்டுக்கொடுத்தவர். க்ளே சுட்ட ஓவனில் தின்பண்டம் வைக்கக் கூடாது. அதனால் அந்த வீட்டில் அன்றோடு கேக் நின்றுபோனது.

நான் எர்ணாவூரிலிருந்து வருகிறவள். படிப்பு எட்டாவதோடு சரி. பயம் மட்டும் குறைவில்லாமல் உண்டு. கேஸை மூடினேனா என்று பார்க்க மாடி ஏறிப் போவேன், இறங்கி வந்ததும் கதவைப் பூட்டினேனா என்று மறுபடி ஏறுவேன். சேர்ந்த புதிதில் மற்றவர்களுக்குக் க்ளே பிசைந்து கொடுப்பதும் பிளேடு துடைப்பதும்தான் என் வேலை. பிறகு ஓவன் காவல் என்னிடம் வந்தது. அது வந்த கதை இது: ஒரு நாள் ஓவனுக்குள் ஒரு தட்டு முழுக்கக் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. எல்லார் மூக்கிலும் வாடை ஏறியது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெளியே வழக்கம்போல கெமிக்கல் கம்பெனிக் காற்று அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்தோம். எங்கள் ஏரியாக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு செய்ய வராது.

"இனிமே ஓவனாண்ட இவ நிக்கட்டும்பா. இவ பயத்துக்கு ஒரு பொட்டுகூட கருகாது" என்றார் ஓவன் அக்கா. அப்படியே ஆனது.

ஆனால் ஓவனுக்குப் பக்கத்தில் நிற்பது வேறு, நடுவில் உட்கார்ந்து செய்து காட்டுவது வேறு. எங்களில் வாரம் ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்து காட்டி, எப்படிச் செய்தது என்றும் சொல்ல வேண்டும். அதில் பெரிய விஷயம் உருளை வெட்டுவது. பல நிறக் க்ளேயை நீள நீளமாகத் திரித்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, அழுத்தி ஒரே உருளையாக்குவோம். வெண்டைக்காயை எங்கே நறுக்கினாலும் அதே பூ தெரிகிற மாதிரி, உருளையை எங்கே வெட்டினாலும் உள்ளே அடுக்கிய படம் தெரியும். வெட்டும்வரை செய்தவருக்கே நிச்சயம் கிடையாது. எங்கள் பழக்கம் என்னவென்றால், முதல் வெட்டை வீட்டில் போடக் கூடாது, எல்லார் முன்னாலும்தான் போட வேண்டும்.

எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, "அடுத்த வாரம் நான் வெட்டறேன்" என்று வாய் தவறி வந்துவிட்டது. போர்டுக்கு முன்னால் நிற்கச் சொல்வார்களே என்று வயிற்றுவலி வரவழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவள் நான். படம் சரியாக வந்தால் இனி நானும் செய்து காட்டுகிறவர்களில் ஒருத்தி. சொதப்பினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நானேதான் மறுபடி பிளேடு துடைக்கப் போய்விடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

சங்கரா மீன் அடுக்கினேன். சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிச் செதில், கறுப்பில் கண், சுற்றிலும் நீலத்தில் தண்ணீர். ஒரு சாண் நீளத்துக்கு உருளை வந்தது. வெயிலில் இளகாமலிருக்க ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்தேன். வைத்த நிமிஷத்திலிருந்து சந்தேகம்: இளகிவிட்டதோ? திறந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன்.

கன்டெய்னர் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாமே, கொயந்தைக்கு ஜொரமா? தொட்டுத் தொட்டுப் பாத்துகினே கீற?"

"உனுக்கு இன்னா தெரியும்? இளகிச்சின்னா மீனு மூஞ்சி பூடும்."

"நீ அமுக்குற அமுக்குல அது எப்பவோ பூட்டிருக்கும்."

அவர் சொன்னதுதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிற வழியில் ஷேர் ஆட்டோ லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றது. வெயிலோ கொளுத்தியது. ஆட்டோ நின்ற இடத்திலெல்லாம் பாக்ஸைத் திறந்தேன், ஒரு அமுக்கு. ஒருமுறை மேலே, ஒருமுறை பக்கவாட்டில். ஓவன் அக்கா வீட்டில் துணியைப் பிரித்தபோது உருளை முழுக்க என் விரல் பள்ளம். முருங்கைக்காய் மாதிரி கிடந்தது.

ஓடிப்போகவும் முடியாது, எல்லாரும் வட்டம் கட்டிவிட்டார்கள். பிளேடை வைத்தேன். நுனித் துண்டு யாருக்குமே குழம்பிப்போய்த்தான் வரும், அதை ஒதுக்கினேன். அடுத்த துண்டில் மீன் வந்தது. ஆனால் வால் மேலே தூக்கி, முதுகு வளைந்து.

"கெட்டுப்போச்சு" என்றேன்.

"கம்னு இன்னொண்ணு வெட்டு தங்கச்சி" என்றார் கிரேன் அண்ணன்.

அடுத்ததில் மீன் தலையைக் கவிழ்த்திருந்தது. அதற்கடுத்தது வயிறு பிதுங்கித் திரும்பியது. ஒரே உருளை, ஒன்று போல ஒன்று இல்லை. வெட்ட வெட்ட, தட்டில் கிரேன் அண்ணன் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனார்.

"தோ பாருங்கப்பா" என்றார் அவர் கடைசியில். "நாம செய்யற மீன்லாம் ஐஸ்பெட்டில படுத்துகினு கீற மீனு. இது வலைய தூக்கசொல்லோ துள்ளுற மீனு. உசுரோட கீது."

அப்போதுதான் நானும் தட்டைப் பார்த்தேன். நிஜமாகவே துள்ளின. ஒரு கூட்டமே துள்ளியது.

கம்மல் பெண் போனை எடுத்து வீடியோ போட்டுக்கொண்டே, "யக்கா, செம! எப்டிக்கா பண்ண? ரூல்ஸ் ரூல்ஸ்தான், டெக்னிக் சொல்லு" என்றாள்.

"பயந்தேன்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஓவன் அக்கா சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "அடியே, எப்டி பயந்தன்னு செஞ்சி காட்டு. நாங்களும் பயப்படறோம்."

எழுந்து நின்றேன். கம்மல் பெண்ணின் பூ உருளையை வாங்கி, இங்கே மேலிருந்து ஒரு அமுக்கு, கொஞ்ச தூரம் சும்மா விடு, இப்போது பக்கத்திலிருந்து, ஆழமாக வேண்டாம், உள்ளே இருக்கிறது நகர்ந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே போனேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். பாதியில்தான் உறைத்தது, இத்தனை பேருக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருப்பது நான். வயிறு வலிக்கவில்லை.

மீன்களைச் சுடும்போது வழக்கம்போல ஓவனாண்ட நானே நின்றேன், என் பொருளுக்கு நானே காவல். ஒன்றும் கருகவில்லை. நீலப் பலகையில் ஒட்டி முன்னறைச் சுவரில் மாட்டிவிட்டார்கள், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில். என்னை அழைத்துப் போக வந்த வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தார். "கொயந்த பொயச்சிகிச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆனால் அந்தப் பலகையின் போட்டோ மறுநாள் அவருடைய லாரிக்கார தோஸ்துகள் போனிலெல்லாம் இருந்தது. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றைக்கும் கேஸைப் பார்க்க மாடி ஏறுகிறேன். ஆனால் எங்கள் குழுவில் யார் உருளை செய்தாலும் வெட்டுவதற்கு முன் என் கைக்கு ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகிறது. போன வாரம் கிரேன் அண்ணன் நண்டு உருளையை நீட்டினார்.

"தங்கச்சி, இத்த கொஞ்சம் பயந்து குடு."

மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று அமுக்கினேன். இன்னும் ஒன்று என்றார். உருளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே வைத்தேன்.

"போதும்ணே. இதுக்கு மேல பயந்தா நண்டு செத்துப்பூடும்."