நாலு விரற்கடை

சாமுண்டீஸ்வரி பூச்சரத்தின் நுனியைக் கணவரின் வலது முழங்கையில் வைத்து அழுத்திக்கொள்வாள். பரந்தாமன் அண்ணன் மிச்சச் சரத்தைக் கை நெடுக இழுத்து வருவார். விரல்கள் தொடங்க வேண்டிய இடத்தில் கை முடிந்துவிடும். கட்டைவிரல் ஒன்றுதான் பாக்கி. அதனால் சரத்தை அமுக்கிக்கொண்டு, இடது கையின் நாலு விரல்களையும் சேர்த்துப் பக்கத்தில் படுக்கவைப்பார். அந்த அகலமும் சேர்ந்த பிறகுதான் "வெட்டுமே" என்பார்.

நான் பத்தாவது படித்த வருஷத்திலிருந்து பார்க்கிறேன், அந்த நாலு விரற்கடை ஒருநாளும் தவறியதில்லை. "என் கை கொறைஞ்சிதுன்னா உன் பூ கொறையணுமா?" என்பார், யாரும் கேட்காமலே. இடது கையாலேயே அளந்தால் என்ன என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"டிகிரி படிச்சா இதான் வருமா நைனா? பூவ எவனாச்சும் பீச்சாங்கையில அளப்பானா?"

"அப்ப அந்த நாலு வெரலு இன்னா கையாம்?" என்றாள் பக்கத்து வீட்டு ஜெயசீலி.

"அது கடன்மே. கடன் வாங்கிப் போடறேன். உனுக்கு இன்னா வந்துச்சு?"

சேக்காட்டில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. பின்பக்கம் பெயிண்ட் டப்பா, விரிசல் விட்ட தொட்டி, கிழிந்த லாரி டயர், எல்லாவற்றிலும் பூ. கனகாம்பரம், டிசம்பர் பூ, வரிசை வரிசையாகத் துலுக்கச் சாமந்தி. விற்பதில்லை. சாயங்காலம் தெருப் பெண்கள் செடிக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும், ஆளுக்கொரு முழம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதுவும் மீன் கழுவிய தண்ணீராக இருந்தால்தான் மரியாதை.

"இன்னாமே இது? மீன் கழுவுன தண்ணி கேட்டா, தட்டு கழுவுன தண்ணிய எட்தாந்துகீறே. என் செடி இன்னா ஓட்டல்ல வேல செய்யுதா?"

"மாசக் கடைசி அண்ணாத்தே. மீனுக்கு எங்க போறது?"

"அப்ப பூவுக்கும் மாசக் கடைசிதான், போ!"

சொல்லும்போதே சரம் முழங்கைக்கு ஏறியிருக்கும். திட்டாமல் அவர் பூ கொடுத்து நான் பார்த்ததில்லை. பெண்களும் திட்டு வாங்கிக்கொண்டு உடனே போவதில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, சம்பளம் வராததையும் மாமியார் சண்டையையும் சொல்லுவார்கள். அவர் இலையைத் திருப்பிப் புழு எடுத்துக்கொண்டே, நடுநடுவே யாரையாவது வைவார். பெரும்பாலும் தான் முன்பு வேலை பார்த்த கம்பெனியை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகரப் பட்டறையில், தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினார். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பித் தடுப்பு ஒன்று பிரஸ்ஸில் இருக்கும். அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று கழற்றச் சொன்னார்கள். எண்பத்தாறில், ஆயுத பூஜைக்கு மறுநாள், சந்தனப் பொட்டு காயாத பிரஸ் நாலு விரல்களை எடுத்துக்கொண்டது. தூங்கிவிட்டான் என்று சொல்லி, ஆஸ்பத்திரிச் செலவோடு கைகழுவினார்கள்.

"தூக்கமாம்! அந்தச் சத்தத்துல செத்தவனே எய்ந்து குந்துவான். நான் தூங்கனேனாம்!"

அன்று அவருடைய பை மட்டும் முதலில் வீடு வந்தது. பொரி கடலைப் பொட்டலமும், பிரஸ்ஸுக்குப் போட்ட மாலையிலிருந்து பிய்த்த சாமந்தியும் உள்ளே இருந்தன. சாமுண்டீஸ்வரி பையைக் கொல்லையில் விசிறியடித்தாள். ஐப்பசி மழையில் அங்கே செடி முளைத்தது. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர் ஒருநாள் எழுந்து போனார். "புடுங்கிப் போடத்தான் போனேன்" என்று இன்றைக்கும் சொல்கிறார். அந்த நேரம் பார்த்து ஜெயசீலி மதில் மேல் தலையை நீட்டி, மாதா படத்துக்கு ஒரு பூ கேட்டிருக்கிறாள். கையைப் பற்றிக் கேட்காமல் பூவைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

அவர் கோபத்தை விட்டுவிட்டால் நல்லது என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். யாருக்கு நல்லது என்று அப்போது யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எந்தக் கம்பெனி வாசலில் நின்றாலும் பணிவாகச் சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். அதைப் படிப்பென்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம், கம்பெனி போர்மேன் எட்மண்ட் சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டு வந்து நின்றார். தடுப்பைக் கழற்று என்ற முதலாளியின் வார்த்தையை அன்று கொண்டுவந்தவர் அவர்தான். இன்றும் முதலாளியின் வார்த்தையோடுதான் வந்திருந்தார்.

"பரந்தாமா, பெரிய பிரஸ்ஸுக்கு உன் கையால ஒரு மொழம் பூ. நாளைக்கி நீயே எட்தாந்து போடு. கேட்ல வாட்ச்மேன் வேல தர்றாராம். பழச மறந்துடுப்பா."

வாளிமேல் உட்கார்ந்திருந்த பெண்கள் அண்ணன் பக்கம் திரும்பினார்கள். சாமுண்டீஸ்வரி அப்போதுதான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பகல் முழுக்கத் தைத்துவிட்டு வந்து, இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

"யோவ், குந்திகினு பாக்கற வேலதானேய்யா" என்றாள், மெதுவாக.

அவர் கூடையிலிருந்து சாமந்திச் சரத்தை எடுத்து வலது கையை நீட்டினார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிவந்து நுனியை முழங்கையில் வைத்துப் பிடித்தாள். சரம் கை நெடுக வந்து, கை முடிகிற இடத்தில் நின்றது. கட்டைவிரல் அதை அமுக்கிக்கொண்டது.

"வெட்டுமே."

அவள் கத்தரியைத் திறந்து பிடித்தபடி இடது கைக்காகக் காத்திருந்தாள்.

"இன்னாப்பா, மொழம் கொறையுதே?" என்றார் எட்மண்ட்.

"கொறையும் அண்ணாத்தே. பாக்கி நாலு வெரக்கட உங்க பிரஸ்ஸாண்ட கீது. அது குடுக்கட்டும், நானும் குடுக்கறேன்."

சாமுண்டீஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் மடியைப் பார்த்தாள். இடது கை அங்கே, விரல்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. அவள் வெட்டினாள்.