அப்பா கொடுத்த மாத்திரை

நான் மூன்றாவது படித்த வருஷம் அத்தைக்கு டிபி வந்தது. அத்தை அப்பாவின் தங்கை. அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு ஹெப்பாளுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்வந்தாள். மருந்து ஆரம்பித்ததும் இருமல் அடங்கியது, முகம் தெளிந்தது. ஆனால் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினால் குமட்டுகிறது என்று, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாள்.

சில வாரம் கழித்துத்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் கத்துகிற ஆள் இல்லை. விட்ட மாத்திரையைத் திரும்பப் போட டாக்டரை என்ன கேட்பது என்று நினைத்திருப்பார். தண்ணீர் டம்ளரோடு எதிரில் நின்று, அத்தையை விழுங்க வைத்துவிட்டுத்தான் நஞ்சன்கூட்டு ஃபாக்டரிக்குக் கிளம்பினார்.

சாயங்காலத்துக்குள் அத்தைக்குக் குளிர்ஜுரம், வாந்தி, இடுப்புவலி. மறுநாள் சிறுநீரே வரவில்லை. டிபி மருந்துகளில் ஒன்றை நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால், அபூர்வமாகச் சிலருக்குக் கிட்னி இப்படிப் பாதிக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த மருந்தை இனித் தொடக்கூடாது, கிட்னி தேறும்வரை டயாலிசிஸ் செய்ய வேண்டும். அப்பா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். அதன் பிறகு ஃபாக்டரிக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார்.

ஒரு காலை நர்ஸ் வெளியே வந்து, “யூரின் பந்து” என்றாள். வந்துவிட்டதாம், கன்னடத்தில். சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எங்களை முறைக்கிற அப்பா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, எவ்வளவு வந்தது என்று சத்தமாகச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கிட்னி மெல்ல மெல்லத் தேறியது. பின்னால் டிபியும் முழுசாகப் போனது. ஆனால் அதற்கு, வேறு மாத்திரைகளை ரொம்ப நாள் சாப்பிட வேண்டியிருந்தது.

அத்தை வீடு திரும்பிய மறுநாள் காலை, அம்மா அந்தப் புது மாத்திரைகளை எடுத்துவந்தாள். அப்பா வாசல் பக்கம் நகர்ந்தார். அத்தை அம்மாவிடம் வாங்கிக்கொள்ளவில்லை.

“நீயே குடு, அண்ணா. உன் கையால குடுத்தாதான் போட்டுப்பேன்.”

அப்பா திரும்பி வந்தார். அட்டையில் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தார், பிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. அத்தை நீட்டிய கையை மடக்காமல் காத்திருந்தாள்.

இந்த மாத்திரை ரொம்பக் கசக்கும் போலிருக்கிறது, அதனால்தான் அப்பா பயப்படுகிறார் என்று நினைத்து, நான் சர்க்கரை டப்பாவை எடுத்துவரச் சமையலறைக்கு ஓடினேன்.