வாங்கில் இருக்காத அன்ரி

கனடாவின் ஸ்காபரோவில், கத்தோலிக்கக் கோயிலொன்றில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரும் மன்னார் அன்ரி ஒருவர், உட்காரும் நீள மர வாங்குகள் வெறுமையாகக் கிடந்தாலும் வெறுந்தரையில்தான் சம்மணமிட்டு இருப்பார். மெல்லிய உடம்பு, சேலைக்கு மேல் ஆண்களின் குளிர்க்கோட்டு. எண்பத்தாறாம் ஆண்டில், பனிக்காலத்து ஞாயிறு ஒன்றில், வாசலில் ஆட்களை வரவேற்க நிற்கும் வெள்ளைக்காரக் கிழவர் வந்து, நிலத்தில் இருப்பது கோயிலுக்கு மரியாதையில்லை என்று அவரை எழும்பச் சொன்னார்.

நான் விடுவேனா? ஐரோப்பாவின் பழைய பங்குக் கோயில்களைப் பற்றி நூலகத்தில் அப்போதுதான் வாசித்து முடித்திருந்தேன். அங்கே பல நூற்றாண்டுகளாக வாங்கே கிடையாது, சனம் நின்றது அல்லது நிலத்தில் இருந்தது, சுவரோரக் கல்லிருக்கை இயலாதவர்களுக்குத்தான் என்று ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினேன்.

அன்ரி என் கையைச் சுரண்டினார். "என்ன தம்பி, அந்தாளோட சண்டை?"

"உங்களுக்காகத்தான் அன்ரி கதைக்கிறன். அந்தக் காலத்தில வெள்ளைக்காரரும் நிலத்திலதான் இருந்தவை."

"அவை ஏன் இருந்தவையோ! வாங்கில இருந்தா எனக்குப் பிரசங்கத்தில நித்திரை வந்திடும். இந்தக் குளிர்தான் என்னை முழிப்பா வச்சிருக்குது."

அடுத்த ஞாயிறு, அன்ரியின் இடத்தில் கிழவர் தடித்த கம்பளத் துண்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார். அன்ரி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதில் இருந்தார். பிரசங்கம் பாதியாவதற்குள் குறட்டை கேட்டது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. கிழவருக்கும்தான்.