மலர்க்கொடியின் பாதி அணில்கள்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டயாலிசிஸுக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது போன் வந்தது. மலர்க்கொடியின் மகள் கவிதா. "பெரியம்மா, அம்மா காலைல எந்திரிக்கலீங்க" என்றாள். "தட்டி எழுப்பும்மா" என்றேன், என்ன பேசுகிறேன் என்றே தெரியாமல். "எழுப்பிப் பாத்துட்டோங்க" என்றாள். ஆட்டோவிலிருந்து இறங்கி, மருத்துவமனைக்குப் போகாமல் காரிமங்கலம் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் துக்கத்தைவிடப் பயம்தான் அதிகம். அதை மறைத்து எழுதினால் மலர்க்கொடியே என்னைக் கேலி செய்வாள்.

எங்களோடு டயாலிசிஸ் வார்டில் படுத்திருந்தவர்களுக்கும், துணைக்கு வந்து வெளி பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவள் காரிமங்கலத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். நான் சர்வே ஆபீஸில் நில வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவள். ஜன்னலோரப் படுக்கை அவளுடையது, அடுத்தது என்னுடையது. அவளைவிட நான் வயதில் மூத்தவள், சிறுநீரகம் கெட்டதில் இளையவள்.

முதல் நாள் என் இடது கையில் ஊசி ஏற்றி, என் ரத்தம் குழாய் வழியே வெளியே போய் மெஷினைச் சுற்றி வருவதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துப் படுக்கையிலிருந்து குரல் வந்தது. "மெஷினப் பாக்காதீங்கக்கா. ஜன்னலப் பாருங்க. நம்மள விடப் பயந்தது ஒண்ணு அங்க உக்காந்திருக்கு." வெளியே வேப்பங்கிளையில் ஓர் அணில். எதையோ இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கடி கடித்து, மேலே பார்த்து, மறுபடி கடித்தது. அவள் வயிற்றின் மேல் ஓர் அட்டை, அதில் காகிதம், வலது கையில் பென்சில். "பயந்துகிட்டேதான் தின்னுது பாருங்க. பயம் போகட்டும், அப்புறம் திங்கலாம்னு இருந்தா அது பட்டினிதான் கெடக்கணும்" என்றாள். அடுத்த முறை எனக்கும் ஒரு பென்சில் கொண்டு வந்தாள்.

அவளிடம் ஒரு விதி உண்டு. அணில் கண்ணில் படும்வரைதான் கை ஓடலாம். அது போய்விட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். அதனால் அவள் வரைந்ததெல்லாம் பாதி அணில்கள். ஒன்றுக்கு வால் இல்லை, ஒன்றுக்கு வாலும் பின்னங்காலும் மட்டும். எனக்கோ கோட்டை முடிக்காமல் விட்டால் தூக்கம் வராது. ஞாபகத்திலிருந்து வரைந்து முடிப்பேன். "அதான் போயிடுச்சே, இப்ப யார வரையறீங்க?" என்பாள். இன்னொரு நாள் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அணிலா, பட்டா நெலமாக்கா? நாலு மூலைக்கும் கல்லு நட்டு வெச்சிருக்கீங்க" என்றாள். வார்டே சிரித்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அவளைத் தைரியசாலி என்றுதான் நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள், இழவு வீட்டிலும் சொன்னீர்கள். அது சரியில்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் நாங்கள் பூங்காவில் உட்கார்ந்து வரைவோம். ஒரு காலையில் புங்க மரத்து அணில் விடாமல் கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு கத்தலுக்கும் வால் வெட்டி வெட்டி இழுத்தது. மற்ற அணில்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டன. மேலே அணில் தூக்கும் வைரிப் பருந்து ஒன்று தாழப் பறந்து போனது. மலர்க்கொடி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், வலிக்கிற மாதிரி. "மெஷின்ல அலாரம் அடிச்சா எனக்கும் இப்படித்தான்கா, ஒடம்பெல்லாம் வெறச்சிப்போவுது. சிரிச்சிப் பேசறேன்னு என்னைப் பெரிய ஆளுன்னு நெனச்சிக்காதீங்க" என்றாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோலப் பென்சிலைச் சீவினாள்.

ஒருநாள் அவள் வீட்டுப் பின்புறம் வரையப் போயிருந்தேன். அங்கே ஒரு கொய்யா மரம். "நமக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னத எல்லாம் இதுங்க தின்னு தீக்குதுங்க" என்று மரத்தைத் திட்டிக்கொண்டே வரைந்துகொண்டிருந்தாள். மரத்தடியில் ஓர் அணில் குஞ்சு விழுந்து கிடந்தது. எடுத்து இடது முன்கையில் வைத்துப் பார்த்தேன். "உயிர் இருக்கு மலரு, துடிக்குது பாரு!" அவள் குஞ்சை மெல்லத் தன் வலது உள்ளங்கைக்கு மாற்றிக்கொண்டு, அதன் நெஞ்சில் விரல் வைத்துப் பார்த்தாள். "இல்லக்கா. அது உங்க துடிப்பு."

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருப்பார்கள். அந்த இடத்தில் ரத்தம் ஓடுவது எந்நேரமும் அதிரும். அது நின்றால் ஆபத்து என்பதால், காலையில் எழுந்ததும் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கையில்தான் நான் குஞ்சை வைத்திருந்தேன். முதன்முதலாக ஓடாத அணில் ஒன்று கிடைத்திருக்கிறது, வரைந்துகொள்ளலாமா என்று கேட்டேன். "அது போயிடுச்சுக்கா" என்றாள். குழி தோண்டிப் புதைத்த பிறகு இருவரும் அன்றைக்கு வரையவில்லை.

போன் வந்த அன்று, பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் வீட்டுக்குள் போனதும் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவள் இடது கையைத்தான் தொட்டேன். விரலை இந்தப் பக்கம் வைத்தேன், அந்தப் பக்கம் வைத்தேன், அழுத்தி வைத்தேன். ஒன்றும் ஓடவில்லை. "வாங்க பெரியம்மா, போதும்" என்று கவிதா என்னை எழுப்பினாள்.

அதற்கடுத்த முறையும் நான் டயாலிசிஸுக்குப் போகவில்லை. நர்ஸ் போன் செய்து, "இப்படி விட்டா உசுருக்கு ஆபத்தும்மா" என்றார். காய்ச்சல் என்று பொய் சொன்னேன். காலியாகக் கிடக்கும் அந்த ஜன்னலோரப் படுக்கையை நினைத்ததும் எடுத்த பையைத் திரும்பக் கீழே வைத்துவிட்டேன். அடுத்தது நான்தான் என்று மனதுக்குள் ஒரு குரல் விடாமல் கத்தியது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே, முதல் நாள் வேப்பங்கிளையில் வாய்க்குக் கொண்டுபோனதைக் கீழே போடாத அந்த அணிலை நினைத்துக்கொண்டேன்.

நேற்றுப் போனேன். நர்ஸ் தயங்கி, "வேற படுக்கை இல்லீங்க, ஜன்னல் பக்கம் பரவால்லையா?" என்று கேட்டார். ஏறிப் படுத்தேன். விரிப்பு புதிது. வெகு நேரம் கழித்து வேப்பமரத்துக்கு ஓர் அணில் வந்தது. தலையும் ஒரு காதும் முன்னங்கைகளும் வரைந்துவிட்டேன், முதுகை ஆரம்பித்தேன். எங்கோ ஒரு மெஷினில் அலாரம் அடித்தது. எனக்கு உடம்பு விறைத்துப்போனது. திரும்பிப் பார்த்தபோது கிளை காலி. முதுகுக் கோடு ஓரிடத்தில் நின்றிருந்தது. முடிக்கக் கை பரபரத்தது. பென்சிலைக் கீழே வைத்தேன்.

அம்மா வரைந்ததில் என்ன வேண்டும் என்று கவிதா கேட்டாள். ஒன்றும் வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேன். எனக்கானதை மலர்க்கொடி முதல் நாளே கொடுத்துவிட்டாள். இன்று காலையும் எழுந்ததும் இடது கையில் விரல் வைத்துப் பார்த்தேன். ஓடுகிறது. பயமாகத்தான் இருக்கிறது. இட்லியைப் பிட்டு வாயில் வைக்கிறேன், ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறேன், மறுபடி பிட்டுக்கொள்கிறேன்.